கட்டையை விடாத சிறுவன், எதையும் எடுக்காத சிறுமி

கேள்வி: இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை உள்ள 14 குழந்தைகளைக் கொண்ட சிறிய மழலையர் பள்ளி ஒன்றை நடத்துகிறேன். நானும் ஓர் உதவி ஆசிரியையும் மட்டுமே இருக்கிறோம். பாடத்தைத் திணிக்காமல் குழந்தையின் போக்கிலேயே கற்கவிடுவது எங்கள் கொள்கை. குழந்தை கேட்காமல் நாங்களாக எதையும் சொல்லித் தருவதில்லை. ஆரம்பித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று மாதங்களாக மரக்கட்டைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வேறு ஏதாவது செய்தால் ஸ்டிக்கர் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம்தான் பலித்தது. மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி எதையுமே எடுப்பதில்லை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மற்றப் பள்ளிகளில் எழுத்து எழுதுகிறார்கள், இங்கே விளையாட்டுத்தானா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "அப்படியானால் என் வேலைதான் என்ன?" என்று உதவி ஆசிரியை சலித்துக்கொள்கிறார். கொள்கையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் உதவி ஆசிரியையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதை நீங்கள் சலிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நாள் முழுவதும் குழந்தைகள் நடுவே இருந்துகொண்டு, யாராவது கேட்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால், வேலையை நேசிக்கும் எந்த ஆசிரியரும் இதைத்தான் கேட்பார். அவர் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற மூன்று கவலைகளும் பெருமளவு தெளிந்துவிடும்.

கொள்கையை விட வேண்டியதில்லை. அதில் உள்ள ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: "குழந்தை கேட்காமல் நாங்களாக எதையும் சொல்லித் தருவதில்லை." பார்த்தே இராத ஒன்றை எந்தக் குழந்தை கேட்கும்? தராசைக் கண்டிராத குழந்தைக்கு எது கனம், எது லேசு என்று நிறுத்துப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வரும்? குழந்தையின் விருப்பம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அறையில் என்ன இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, பெரியவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பவற்றிலிருந்தே அது முளைக்கிறது.

இந்தக் கல்வி முறையின் தொடக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே கற்றல் பொருட்களைப் பூட்டிய அலமாரியில் வைத்து, ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே பொருட்களை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது ஒழுங்கீனம் என்று ஆசிரியை பதறினார். தனக்கு எது வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிகிறது என்று மாண்டிசோரி அதைப் புரிந்துகொண்டார். அதன்பின் பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரி வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த அலமாரியில் இருந்த ஒவ்வொரு பொருளும் ஒரு பெரியவர் பல ஆண்டுகள் யோசித்துத் தேர்ந்து வைத்தது. எடுத்தது குழந்தை, எடுக்கத் தக்கதை வைத்தவர் ஆசிரியர்.

இதை நான் வலி தெரிந்தே சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு ஆண்டுகள் எங்களிடம் இருந்தும் கத்தரிக்கோலை ஒருமுறைகூட விரும்பி எடுத்ததில்லை. "வெட்டி ஒட்டுவதில் ஆர்வம் இல்லை" என்று அவளுடைய அறிக்கையில் நானே எழுதினேன். அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள். எங்களிடம் இருந்த கத்தரிக்கோல்கள் எல்லாம் வலது கைக்கானவை. அப்படிப்பட்ட கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தும்போது அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். வெட்ட வேண்டிய கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும். தாள் வெட்டுப்படாமல் மடங்கும். இரண்டு மூன்று முறை மடங்கிய பிறகு அந்தக் குழந்தை தனக்கு இது வராது என்று முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவை நான் அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். இன்றும் ஒரு குழந்தை எதையாவது தொடவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் பொருளைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறேன்.

சரி, எதைச் சொல்லித் தருவது, எதை விட்டுவிடுவது? நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. சிலவற்றைக் குழந்தையால் தானே கண்டுபிடிக்க முடியும்: எது மிதக்கும், எது மூழ்கும், எவ்வளவு சாய்த்தால் பந்து உருளும், உயரமான குவளையில் இருந்த தண்ணீரை அகலக் கிண்ணத்தில் ஊற்றினால் என்ன ஆகும். இங்கே நாம் முந்திக்கொண்டு சொன்னால் கண்டுபிடிக்கும் இன்பத்தைத் திருடியவர்கள் ஆவோம். வேறு சிலவற்றை எந்தக் குழந்தையாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது: இந்த வடிவத்துக்கு இந்த ஒலி, இந்த நிறத்துக்கு இந்தப் பெயர், வாரத்தில் ஏழு நாள், கத்தரிக்கோலை இப்படிக் கைமாற்ற வேண்டும். இவை மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடுகள். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் காத்திருப்பது குழந்தையின் சுதந்திரத்தை மதிப்பது ஆகாது.

உங்கள் தயக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஒரு புது விளையாட்டுப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் நான்கு வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. "இது இப்படித்தான் வேலை செய்யும், பார்" என்று ஆசிரியரைப் போல ஒன்றை மட்டும் செய்துகாட்டியபோது, குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்ற மூன்றை அதிகம் தேடவில்லை. பெரியவரே தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோல் காட்டியபோது குழந்தைகள் கூடுதலாகத் துழாவிப் பார்த்தார்கள். இந்த அச்சத்தில்தான் உங்களைப் போன்ற பலர் வாயை மூடிக்கொள்கிறீர்கள். காட்டவே கூடாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எப்படிக் காட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்கிறது. "இதனால் இது முடிகிறது. இன்னும் என்னென்ன முடியுமோ!" என்று பாதியில் விட்டு விலகத் தெரிந்தால் போதும்.

இப்போது கட்டைச் சிறுவனைப் பார்ப்போம். மூன்று மாதங்களாகக் கட்டை என்கிறீர்கள். முதல் மாதம் என்ன கட்டினான், இப்போது என்ன கட்டுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். குழந்தைகள் கட்டைகளைக் கையாள்வதில் ஒரு வளர்ச்சி வரிசை உண்டு; ஹாரியட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அதை 1933லேயே வகுத்துக் காட்டினார். முதலில் குழந்தை கட்டைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு திரியும். பிறகு வரிசையாக வைக்கும், மேலே மேலே அடுக்கும். அடுத்தது பாலம்: இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்துவது. பார்க்கச் சிறிய காரியம். அந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்று மனத்துக்குள் அளந்து பார்த்தால்தான் கைகூடும். அதன் பிறகு நான்கு பக்கமும் அடைத்த வேலி, இருபுறமும் ஒத்த அலங்காரம், கட்டியதற்குப் பெயர் சூட்டுவது, கடைசியாக, இதைத்தான் கட்டப்போகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டுக் கட்டுவது.

உங்கள் சிறுவன் இந்த மூன்று மாதத்தில் அடுக்கிலிருந்து பாலத்துக்கும் பாலத்திலிருந்து வேலிக்கும் வந்திருந்தால், அவன் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மூன்று பருவப் பாடத்தைத் தரையில் உட்கார்ந்தே முடித்திருக்கிறான். இரண்டு சின்னக் கட்டைகள் ஒரு நீளக் கட்டைக்குச் சமம், நான்கு சேர்ந்தால் அதைவிடப் பெரியதற்குச் சமம் என்பதை அவன் கை அறிந்திருக்கும். பின்னாளில் பின்னக் கணக்கு அந்தக் கையறிவின் மேல்தான் ஏறி உட்காரும்.

அவனைக் கட்டையிலிருந்து பிரிக்க முயலாதீர்கள். மற்றவற்றைக் கட்டைக்கு அருகே கொண்டுபோங்கள். கட்டை மூலையில் ஒரு பெரிய தாளும் கிரேயானும் இருக்கட்டும். கட்டியதை மாலையில் கலைக்க வேண்டி வரும்போது, "நாளைக்கும் இதையே கட்ட வேண்டுமானால் எப்படி நினைவு வைத்துக்கொள்வது?" என்று கேளுங்கள், வரைந்து வைக்கலாம் என்பது அவனுக்கே தோன்றலாம், தோன்றாவிட்டால் நீங்கள் வரைந்து காட்டுங்கள். ஒரு நாள் கலைக்காமல் விட அனுமதித்து, "இடிக்க வேண்டாம்" என்று அட்டையில் எழுதி அவன் பெயரையும் போட்டு வைக்கலாம். எழுத்து எதற்குப் பயன்படுகிறது என்பதை ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கயிற்றுத் துண்டு வையுங்கள், கோபுரத்தின் உயரத்தை அளக்கத் தொடங்குவான். இன்னொரு குழந்தையின் பொம்மைக்கு வீடு வேண்டும் என்று அவனிடம் வேலை கொடுத்தால், பேரம் பேசவும் விட்டுக்கொடுக்கவும் நேரும். "இதில் எத்தனை கட்டை இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியைக் குழந்தைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். "இந்தப் பாலத்தின் கீழே எவ்வளவு பெரிய வண்டி போகும்?" என்று கேளுங்கள், உங்களுக்கும் அது தெரியாது, இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

ஸ்டிக்கரை நிறுத்தியது நல்லது. 1973இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பிச் செய்துவந்த குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தாங்களாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். அது ஏற்கெனவே பிடித்த வேலையைப் பற்றிய ஆய்வு; உங்கள் சிறுவனுக்கோ ஓவியம் இன்னும் பிடிக்கக்கூடத் தொடங்கவில்லை. இருந்தாலும் ஸ்டிக்கருக்காகத் தூரிகையைத் தொட்டவனுக்கு, தூரிகை என்பது கட்டைக்குத் திரும்பும் முன் கொடுக்க வேண்டிய விலையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்று மாதமாகத் துளியும் மாறாமல் ஒரே வரிசை, அதை யாராவது கலைத்தால் தாங்க முடியாத தவிப்பு, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமை, கட்டையை வண்டியாகவோ வீடாகவோ பாவிக்காமை, மற்றக் குழந்தைகளைக் கண்டும் காணாதிருத்தல் என்று பல சேர்ந்து தெரிந்தால், அது வேறு செய்தி. அப்போது பெற்றோரை அமைதியாக உட்காரவைத்துப் பேசி, குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். குழந்தையின் போக்கில் விடுகிறோம் என்ற சொல்லால், தேவையான உதவி ஒரு வருடம் தள்ளிப்போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிறுமியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. சிறுவனுக்குத் தன் வழி தெரிகிறது. வழியே தெரியாத குழந்தையிடம் "உன் போக்கில் போ" என்பது அவளை நட்டாற்றில் விடுவதாகும்.

பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு பங்கேற்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932இல் மழலையர் விளையாட்டைக் கவனித்து ஆறு வகையாகப் பிரித்தபோது, வேடிக்கை பார்ப்பதையும் அதில் ஒன்றாக வைத்தார். எதிலும் ஒட்டாமல் இருப்பதை அவர் தனி வகையாக வைத்தார். உங்கள் சிறுமி எந்த வகை? அவள் கண்கள் ஒரு குழுவைத் தொடர்ந்து செல்கின்றனவா? அவர்கள் சிரித்தால் இவள் முகம் மலர்கிறதா? கதை நேரத்தில் உதடு அசைகிறதா? அப்படியானால் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். உள்ளே நுழைய ஒரு வாசல்தான் வேண்டும். பார்வை எங்கும் நிலைக்காமல் அலைந்தால் நிலைமை வேறு.

வாசலை நீங்கள்தான் திறக்க வேண்டும். "வா, வந்து விளையாடு" என்று அழைக்காதீர்கள்; 13 குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, களிமண்ணை உருட்டத் தொடங்குங்கள். அவளைப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் களிமண் உங்கள் பக்கத்தில் கிடக்கட்டும். முதல் நாள் ஒன்றும் நடக்காமல் போகலாம், நான்காம் நாளும் நடக்காமல் போகலாம். அவளுக்கு அலமாரி முழுவதையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். இருபது பொருட்களுக்கு முன் மலைத்து நிற்கும் குழந்தைக்கு, இரண்டைக் கையில் ஏந்தி "இதா, அதா?" என்று கேட்பதே கருணை. ஒரு சின்னப் பொறுப்பும் கொடுத்துப் பாருங்கள்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இரண்டரை வயதுக் குழந்தைக்குச் செருப்பை எடுத்து வைப்பது. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் கலந்திருக்கும் சிறிய பள்ளியின் பெரிய வரம் இதுதான். ஒத்த வயதினரிடம் கூசும் குழந்தை, தன்னைவிடச் சின்னக் குழந்தையிடம் தாயாகிவிடும்.

அவள் பேசுகிறாளா என்பதை நீங்கள் எழுதவில்லை. வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை, பள்ளியில் முதல் மாதம் பேசாமல் இருப்பது இயல்பு. ஏழு மாதமாக ஒரு சொல்லும் இல்லை என்றால் அது வெறும் கூச்சம் என்று ஒதுக்கத் தக்கதல்ல. குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பேச முடியாமல் போகும் பதற்ற நிலை ஒன்று உண்டு. குழந்தை வேண்டுமென்று செய்வதல்ல அது, பேசு பேசு என்று வற்புறுத்தினால் இறுகும், சீக்கிரம் கவனித்தால் நன்றாகத் தேறும். வீட்டிலும் பேச்சு குறைவு என்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் உங்கள் மேல் எனக்குச் சிறு வருத்தம். அவர்களுக்குப் புரியவில்லை என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அவர்கள் தங்கள் குழந்தையின் எதிர்காலத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

எழுதுவது பற்றி அவர்களிடம் நேராகச் சொல்லலாம். பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்களவில் கூட்டல் குறியையும், நான்கரையளவில் சதுரத்தையும், ஐந்தளவில் முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். சாய்ந்த கோடுதான் கடைசியில் வசப்படும். அந்தக் கோடுகள் கைக்கு வருமுன் எழுத்தை எழுதவைத்தால் குழந்தை வடிவத்தைப் படமாக இழுக்கும். பிடி இறுகும், கை வலிக்கும், வெறுப்பு வரும். களிமண் பிசைவதும், துணிக் கவ்வியை அழுத்துவதும், சுவரில் மாட்டிய தாளில் தோளை அசைத்து வரைவதும் எழுத்துக்கான உழைப்புதான் என்று விளக்குங்கள். எண்ணும் அப்படியே. ஐம்பது வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் "நான்கு கட்டை கொடு" என்று கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுப்பதைப் பெற்றோரே வீட்டில் செய்து பார்க்கட்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது தனியாகப் புரிய வேண்டிய ஒன்று.

அதே நேரத்தில் நீங்களும் ஒரு படி இறங்கி வாருங்கள். தினமும் கதை வாசியுங்கள், வரியின் கீழ் விரலை ஓட்டி. நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு ஒலிகளையும் எழுத்துகளையும் பத்து நிமிடம் விளையாட்டாகச் சொல்லித் தாருங்கள். குழந்தை தன் படத்தைப் பற்றிச் சொல்வதை அதன் சொல் மாறாமல் அடியில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள். இதில் கொள்கைக்கு எந்தப் பங்கமும் இல்லை.

மீதியை விளக்கிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் முடியும். இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், 1945இல் போர் முடிந்த கையோடு, விட்டுச் செல்லப்பட்ட ராணுவ டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஊர் மக்களே மழலையர் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் வந்து பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மாலகுத்ஸி, வாழ்நாள் முழுவதும் அதோடு இணைந்துவிட்டார். பெற்றோர் கட்டிய பள்ளி என்பதால், உள்ளே நடப்பதைப் பெற்றோருக்குக் காட்டுவது அங்கே கல்வியின் ஓர் அங்கமே ஆனது: குழந்தை செய்ததன் படங்கள், சொன்ன சொற்கள், ஆசிரியரின் குறிப்பு எல்லாம் சுவரில் ஏறின. உங்கள் சுவரில் அந்தச் சிறுவனின் முதல் அடுக்கு, முதல் பாலம், முதல் வேலி ஆகிய மூன்று படங்களைத் தேதியோடு ஒட்டுங்கள். கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

அந்தப் படங்களை யார் எடுப்பது, குறிப்பை யார் எழுதுவது? உங்கள் உதவி ஆசிரியையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. நாளுக்கு இரண்டு குழந்தைகள் வீதம், ஏழு பள்ளி நாட்களில் 14 பேரையும் ஒரு சுற்று கவனித்துவிடலாம். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும், அந்தப் பத்து நிமிடமும் கண் அந்தக் குழந்தை மேலேயே இருக்க வேண்டும். "கவனம் இல்லை" என்று எழுதக் கூடாது; "மூன்று முறை எழுந்து கதவைப் பார்த்தான்" என்று எழுத வேண்டும். முதலாவது தீர்ப்பு, இரண்டாவதை வைத்துத்தான் யோசிக்க முடியும். அவன் யாருக்காகக் காத்திருந்தான், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். குழந்தைகள் போன பின் இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் படித்து, நாளைக்கு அறையில் எதை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு பொருளைச் சேர்ப்பது, ஒன்றை எடுத்துவிடுவது, இருவரை அருகருகே உட்காரவைப்பது, ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பது. பாடத்தைச் சொல்லித் தருவதைவிட இது கடினமான வேலை என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரால் இது முடியும் என்றே நம்புகிறேன்.

முதல் சுற்றை அந்தச் சிறுமியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் அவள் பேசுகிறாளா என்று இன்று மாலை அவளை அழைத்துப் போக வருபவரிடம், அவள் காதில் விழாமல், கேட்டுவிடுங்கள். பதிலையும், அவள் நிற்கும் சுவரோரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.